கவுஞ்சி, கேமரா இரண்டு

மலையில் மழை.
படம் சதுரம் சதுரமாய் உடைகிறபோது
எனக்குத் தெரிந்துவிடும்.

மதுரை பெரியாஸ்பத்திரி, நாலாவது மாடி,
படிக்கட்டுத் திருப்பம்.
உள்ளே அவருக்கு மூன்றாவது பாட்டில் இறங்குகிறது.
ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே
எண்ணுவது பழகிவிட்டது.
இங்கே சிக்னலுக்குக் குறைவில்லை.

கேமரா மாட்டிய வத்தலக்குண்டுப் பையன்
ஏணியில் நின்றபடியே சொன்னான்:
"பார்க்கிற எடத்துல வேகம் இருந்து பிரயோசனமில்லக்கா,
அனுப்புற எடத்துல இருக்கணும்."
டவர் மன்னவனூர்ப் பக்கம்.
நடுவில் ஒரு மேடு, மேடெல்லாம் யூகலிப்டஸ்.
சிம் கார்டுக்கு மரம் தாண்டத் தெரியாது.

ஷெட்டுக்குள் முப்பத்தாறு மூட்டை மலைப்பூண்டு.
விலை ஏறட்டும் என்று வைத்தது.
ஏறியும்விட்டது.
வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றிவிட இருந்த வியாழக்கிழமைதான்
இவர் பாத்தியிலேயே சரிந்து விழுந்தார்.

படத்தின் தெளிவைக் குறைத்தேன்.
இன்னும் குறைத்தேன்.
கதவில் பூட்டு இருக்கிறது,
அல்லது பூட்டு அளவுக்கு ஒரு கறுப்பு.

9.14.
வட்டம் சுற்றுகிறது.
9.14.
என் கைக்கடிகாரத்தில் 9.31.

பிறகு ஓர் ஆள்.
தலையில் கவிழ்த்த சாக்கு.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஆறு கட்டம்.

பிறகு ஒரு கை.
கேமராவை நோக்கி உயர்ந்த கை.
அதோடு நின்றுபோனது.

குழந்தைவேலுவுக்குப் போன் போட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் அந்தப் பெண்,
முதலில் தமிழில், அப்புறம் இங்கிலீஷில்.
காவலுக்கு இருப்பவனுக்கும் கேமராவுக்கும்
ஒரே டவர்.

நின்ற கையை எவ்வளவு நேரம் பார்க்கமுடியும்?
வரப்புத் தகராறில் பேச்சை விட்ட கொழுந்தனின் கை
இவ்வளவு நீளம்தான்.
மூட்டையை எண்ணி ஏற்றிய ஜீப்காரன்
இடது கையால் பீடி பிடிப்பான்.
இது இடதா, வலதா?
போன மாதம் ஐயாயிரம் கேட்டு
இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு
ஒன்றும் பேசாமல் இறங்கிப்போனது யார்?
வேண்டாம் என்று நினைக்க நினைக்க
அந்த ஆறு கட்டத்துக்குள்
குழந்தைவேலுவின் மீசையும் வந்து உட்கார்ந்தது.
வேகமான இணைப்பாய் இருந்திருந்தால்
இவ்வளவு தூரம் போயிருக்கமாட்டேன்.

வட்டம் அசைந்தது.

கை பெரிதாகி
திரை முழுக்க உள்ளங்கை.
அடுத்து துண்டின் நுனி.
அடுத்து
மழைத்துளி இல்லாத, பனி இல்லாத, கழுவிவிட்டது போல்
என் ஷெட், என் கதவு, என் பூட்டு.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு
வேலு திரும்பி நடக்கிறான்.

அவன் எதிரே, வேலி ஓரம்,
பாறை இல்லாத இடத்தில் ஒரு பாறை.
அதற்குக் கீழே
வெள்ளைக் காலுறை போட்ட நாலு கால்.

"வேலு, மாடு! முன்னால பாரு!"
கத்திய பிறகுதான் மூலையில் நேரத்தைப் பார்த்தேன்.
நான் கூப்பிட்டது
பதினேழு நிமிடத்துக்கு முந்தைய ஆளை.
நர்ஸ் வந்து, இது ஆஸ்பத்திரியா சந்தக்கடையா என்றாள்.
போனைக் குனிந்து பார்த்தால்
இன்றைய டேட்டா தீர்ந்தது, நன்றி என்று செய்தி.

விடியும்வரை பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
காட்டுமாடு ஆளை என்ன செய்யும் என்று
எனக்குத் தெரியும்.
பூம்பாறை ரோட்டில் ஒருத்தரை
போர்வையில் கட்டி இறக்கியதைப் பார்த்திருக்கிறேன்.
ஒரு கணம் பூண்டையும் நினைத்தேன்.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறே காலுக்கு மிஸ்டு கால்.
திருப்பி அடித்தேன்.
மேட்டில் ஏறி நின்று பேசுகிறான், மூச்சு வாங்குகிறது.
"ராத்திரி மாடு வந்துச்சுக்கா.
நான் அசையாம நின்னேன்,
அது அதுபாட்டுக்குப் போயிருச்சு.
வேலியில ரெண்டு கல்லுக்கால் சாஞ்சிருக்கு.
அண்ணன் எப்படி இருக்காரு?"

இருக்கார் என்றேன்.

"கண்ணாடியத் தொடச்சு விட்டேன்.
இப்பத் தெரியுதா?"

தெரியுது வேலு என்றேன்.
இன்னும் ரீசார்ஜ் பண்ணியிருக்கவில்லை.
பண்ணவேண்டும்.
பத்து மணிக்குப் பெரிய டாக்டர் வருவார்.